குறட்டையும் மூச்சுத் தடையும்: சிபேப் கருவியைத் தெரிந்துகொள்வோம்



நம் டிரஸ்டிலிருந்து சக்கர நாற்காலி, வாக்கர், நோயாளிக் கட்டில், ஆக்சிஜன் கருவி ஆகியவற்றை இரவலாகக் கொடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். சில மாதங்களாக வேறொரு கருவியைக் கேட்டு வருகிறார்கள். "தூங்கும்போது மூஞ்சியில மாட்டிக்கிற மெஷின் இருக்குதுங்களா பாய்?" என்று கேட்கிறார்கள். ஒருசிலர் டாக்டர் எழுதிய சீட்டோடு வருகிறார்கள். மற்றவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு வருகிறார்கள். இன்னொரு பக்கம், அத்தா மௌத்தான பிறகு அவர் பயன்படுத்திய கருவியை "யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு குடும்பத்தார் அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நல்ல நிய்யத். ஆனால் சக்கர நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், இந்தக் கருவியை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள முடியாது. ஏன் என்று புரிந்துகொள்ளத்தான் இந்த இதழில் இந்தப் பாடம்.

கருவிக்குப் போகுமுன் நோயைப் பார்ப்போம்.

வீடே அதிரக் குறட்டை விடுபவரைப் பார்த்து "உழைச்ச உடம்பு, அசந்து தூங்குறாரு" என்கிறோம். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் உண்மை தெரியும். ஒரு சகோதரி சொன்னார்: "சத்தம் வந்துட்டே இருக்கும், திடீர்னு நின்னுடும். நான் எழுந்து உக்காந்து மூக்குகிட்ட கை வெச்சுப் பார்ப்பேன். உலுக்கலாமான்னு நினைக்கிறதுக்குள்ள 'ஹக்'னு ஒரு சத்தத்தோட மூச்சு வரும். இப்படியே விடியுற வரைக்கும்." மருத்துவர்கள் ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லும் நோயை இதைவிடத் தெளிவாகச் சொல்ல நம்மால் முடியாது. தமிழில் தூக்க மூச்சுத் தடை எனலாம்.

விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் விறைப்பாக நின்று காற்று போகும் வழியைத் திறந்து வைக்கின்றன. தூங்கினால் எல்லாத் தசையும் தளர்வதுபோல அவையும் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. வழி குறுகினால் காற்று உரசிக்கொண்டு போகும். அந்த அதிர்வுதான் குறட்டை. வழி முழுதும் மூடிக்கொண்டால் சத்தம் நின்றுவிடும், காற்றும் நின்றுவிடும். நெஞ்சு ஏறி இறங்க முயன்றுகொண்டேயிருக்கும், உள்ளே எதுவும் போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து ஆளைச் சில நொடிகள் எழுப்புகிறது. தசை விறைக்கிறது, மூச்சு வருகிறது, திரும்பத் தூக்கம், திரும்ப அடைப்பு. எழுந்தது அவருக்கு நினைவிருக்காது. அதனால்தான் "நான் நல்லாத்தான் தூங்குறேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்.

மூச்சு 10 நொடிக்கு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒரு தடவை என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு 5 தடவைக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு மணி நேரம் தூங்கும் ஒருவர் இருநூறு தடவைக்கு மேல் மூச்சுக்குப் போராடி எழுகிறார் என்று பொருள். அவர் காலையில் தலைவலியோடும் வறண்ட வாயோடும் எழுவதிலும், ஜும்ஆ பயானில் முதல் ஐந்து நிமிடத்திலேயே தலை தொங்கிவிடுவதிலும் என்ன ஆச்சரியம்? இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுவதும், மாத்திரை கூட்டியும் பிரஷர் இறங்காமல் இருப்பதும், மறதியும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவதும் இதன் அடையாளங்களாக இருக்கலாம். சர்க்கரையோ பிரஷரோ வயதோதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

அரிய நோய் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. தலைக்கணக்கில் 10 கோடிக்கும் மேல். 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் 69 வயதில் இறந்த இந்தித் திரைப்பட இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் மரணத்துக்கு மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் இந்த நோயின் பெயர் இருந்தது. இப்படி ஒரு நோய் இருப்பதையே பலர் அன்றைய செய்தியில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

நம் மாவட்டத்தில் இதை வீட்டுக்குள் இருக்கும் விஷயமாக மட்டும் பார்க்க முடியாது. பெங்களூரு - சேலம் நெடுஞ்சாலை ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிறது. நம் ஜமாஅத்திலேயே லாரி, வேன், வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் எத்தனை பேர்! தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளை நாம் பார்த்தும் கேட்டும் சலித்துவிட்டோம். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது என்று அங்கே சொல்லப்படும் காரணங்கள் வேறு. எல்லாவற்றையும் தூக்கத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் இரவெல்லாம் மூச்சுத் திணறியவர் மறுநாள் ஸ்டியரிங் பிடிக்கும்போது மூன்று நொடி கண்ணயர்ந்தால் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அந்த மூன்று நொடியில் 50 மீட்டர் போய்விடும். டீ குடித்து, முகம் கழுவி, ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமாளிக்கிற ஓட்டுநர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல விரும்புகிறோம்: எட்டு மணி நேரம் படுத்து எழுந்த பிறகும் வண்டியில் தூக்கம் வருகிறதென்றால் அது சோம்பேறித்தனம் கிடையாது, அதற்கு வைத்தியம் இருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கிறார்கள். பயம் நமக்குப் புரிகிறது. வைத்தியம் எடுத்துக்கொண்ட ஓட்டுநர் முதலாளிக்கும் நல்லவர், எதிரே வருபவருக்கும் நல்லவர்.

இனி கருவி

பெயர் சிபேப். தொடர்ந்து ஒரே அழுத்தத்தில் காற்றை ஊதும் கருவி என்பதுதான் அந்த ஆங்கிலப் பெயரின் சுருக்கமான பொருள். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே ஒரு சிறு மோட்டார் அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, வடிகட்டி, ஒரு குழாய் வழியாக மூக்கில் மாட்டிய முகமூடிக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான். அதில் மருந்து இல்லை. ஆக்சிஜனும் இல்லை.

இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் நம் வீடுகள் பலவற்றில் ஆக்சிஜன் கருவி வந்து நின்றது. முகமூடி மாட்டி உள்ளே கொண்டுபோன சிலர் திரும்பி வரவில்லை. அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. "மாஸ்க் போட்டா கதை முடிஞ்சுது" என்று ஒரு பெரியவர் எங்களிடமே சொன்னார். அன்று ஆஸ்பத்திரியில் பார்த்தது நுரையீரல் கெட்டுப்போய் மூச்சு விடவே முடியாதவர்களுக்கான வைத்தியம். இங்கே நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது; தொண்டையில் கதவு மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் கருவி காற்றின் தரத்தை மாற்றுகிறது, சிபேப் மூடிய கதவைத் திறந்து வைக்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்க முடியாது. வீட்டில் சும்மா கிடக்கும் ஆக்சிஜன் கருவியைக் குறட்டைக்கு மாட்டிப் பார்ப்பவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

காற்று எப்படிக் கதவைத் திறக்கும்? கடை திறப்பு விழாவில் வாசலில் ரெக்சின் துணியால் செய்த பெரிய வளைவை நிறுத்தியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அடியில் ஒரு மோட்டார் ஊதிக்கொண்டிருக்கும். ஊதும்வரை வளைவு நிமிர்ந்து நிற்கும், கரண்ட் போனால் சுருண்டு விழும். தளர்ந்த தொண்டைக்கு சிபேப் செய்வது இதேதான். இந்த உவமையிலேயே இன்னொரு உண்மையும் இருக்கிறது. மோட்டார் ஓடும்வரைதான் பலன். பத்து நாள் போட்டேன், சரியாகிவிட்டது, பெட்டியில் வைத்துவிட்டேன் என்றால் பதினோராம் நாள் குறட்டை திரும்பிவிடும். கண்ணாடி போட்டால் பார்வை தெரிகிறது, கழற்றினால் மங்குகிறது, அப்படித்தான். இதைப் பார்த்துவிட்டு "பழக்கமாயிடும், அடிமை ஆயிடுவோம்" என்கிறார்கள். கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டார் என்று யாரையாவது சொல்கிறோமா?

அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று பிள்ளைகளை வைத்தே செய்து பார்க்கலாம். உயரமான டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழம் இறக்கி, குமிழி வரும்வரை ஊதச் சொல்லுங்கள். அந்தக் குமிழியை வெளியே தள்ளுகிற அழுத்தம்தான் பத்து என்ற அளவு. சிபேப் கருவிகள் பொதுவாக 4 முதல் 20 வரை இந்த அளவில் ஊதும். ஒருவருக்கு 7 போதும், இன்னொருவருக்கு 13 வேண்டும். குறைவாக வைத்தால் கதவு திறக்காது. அதிகமாக வைத்தால் முகமூடி ஓரம் காற்று பீறிடும், வயிறு உப்பும், ஆள் எரிச்சலில் பிடுங்கிப் போட்டுவிடுவார். யாருக்கு எவ்வளவு என்பதைச் சோதனை செய்துதான் சொல்ல முடியும். மௌத்தான ஒருவரின் கருவியை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்க நாங்கள் தயங்குவதற்கு முதல் காரணம் இது.

தேவையைப் பார்த்து மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ வகையும் உண்டு. இழுக்கும்போது ஒரு அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் என்று இரண்டு தருவது பைபேப். அது விலை கூடியது, வேறு சில நோய்களுக்கும் தேவைப்படுவது. அதிக விலை, அதனால் நல்லது என்று நாமாக பைபேப் வாங்கக் கூடாது.

இந்தக் கருவி வருமுன் கடுமையான நோயாளிகளுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். பகலில் அதை மூடிக்கொண்டு பேச வேண்டும், இரவில் திறந்துவைத்து அதன் வழியாக மூச்சு விட வேண்டும். 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் வந்த ஒரு நோயாளி அந்த ஆபரேஷனுக்கு ஒப்பவில்லை. சல்லிவன் வேக்குவம் கிளீனர் மோட்டாரைக் கொண்டு காற்றை ஊதவைத்து, மூக்கில் பொருத்தி அவரைத் தூங்கவைத்தார். அந்த ஆள் பல ஆண்டுகளில் முதல் தடவையாக இரவு முழுதும் ஆழ்ந்து தூங்கினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆரம்பத்தில் முகமூடியைப் பசை வைத்து மூக்கில் ஒட்ட வேண்டியிருந்ததாம். இன்று வார் கழன்றால் அலுத்துக்கொள்கிறோம்.

சோதனை, விலை, கடை

முதலில் நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்ட வேண்டும். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்கலாம். கூடவே மனைவியோ மகனோ போக வேண்டும். நோயாளி தூங்கிக்கொண்டிருந்தார், அவருக்கு என்ன தெரியும்? செல்போனில் ஒரு நிமிடம் குறட்டையைப் பதிவு செய்துகொண்டு போனால் பத்து நிமிடப் பேச்சு மிச்சம். கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, பிரஷர் உண்டா, பகலில் தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்டு, தேவையென்றால் தூக்கச் சோதனைக்கு எழுதுவார்கள். உடம்பில் சில ஒயர்களை ஒட்டி ஒரு இரவு தூங்கவிட்டு மூச்சையும் ஆக்சிஜனையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்வது முழுச் சோதனை. வீட்டிலேயே சிறு கருவியை மாட்டிச் செய்வதும் உண்டு. ஊசியோ வலியோ எதுவும் இல்லை.

கருவியின் விலை ஏறத்தாழ 30,000 ரூபாயிலிருந்து 70,000 வரை போகிறது. சிறு தொகை இல்லை என்பது தெரியும். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறோம். வெளியூர்க் கடை ஒன்றில் சோதனையே இல்லாமல் "குறட்டையா? இதைப் போடுங்க, சரியாயிடும்" என்று கருவியை விற்றிருக்கிறார்கள். வாங்கியவருக்கு முகமூடி அளவு சேரவில்லை, ஒரு வாரத்தில் அது பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. நல்ல விற்பனையாளர்கள் ஒரு வாரம், பத்து நாள் வாடகைக்குக் கொடுத்துப் பழகச் சொல்வார்கள். மூன்று நான்கு முகமூடிகளை மாட்டிப் பார்க்க விடுவார்கள். அப்படிப்பட்டவரிடம் வாங்குங்கள். மத்திய அரசுப் பணியிலோ ஓய்விலோ இருப்பவர்கள் தங்கள் மருத்துவத் திட்டத்தில் இதற்குத் தொகை உண்டா என்று விசாரித்துவிட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

பழைய கருவி வாங்குபவர்களுக்கும் தானம் தருபவர்களுக்கும் ஒரு செய்தி. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் ட்ரீம்ஸ்டேஷன் முதலிய பல பழைய மாடல்களை உலக அளவில் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த ஸ்பாஞ்சு போன்ற பொருள் நாளடைவில் உதிர்ந்து காற்றோடு சேர்ந்து உள்ளே போகக்கூடும் என்பது காரணம். எனவே தானமாக வரும் கருவியின் மாடலையும் எண்ணையும் பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

நம் வீடுகளுக்கென்று சில விஷயங்கள்

தாடி. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி தாடி மேல் சரியாகப் படியாது, காற்று கசியும். தாடியை எடுக்கச் சொல்வார்களோ என்று பயந்தே டாக்டரிடம் போகாத ஒரு பாய் இருக்கிறார். தேவையே இல்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறு வகை இருக்கிறது, அது தாடிக்காரர்களுக்கு நன்றாக உட்காரும். வாயைத் திறந்து தூங்குபவராக இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லி வழி கேட்க வேண்டும்.

தண்ணீர். மூக்கு வறளாமல் இருக்க கருவியில் சிறு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மெடிக்கலில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டால் கிடைக்கும். நம் மாவட்டத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஃப்ளோரைடு தொல்லைக்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மண் இது. போர் தண்ணீர் ஊற்றினால் ஒரு மாதத்தில் தொட்டியின் அடியில் உப்பு வெள்ளையாகப் படியும். பரக்கத்துக்காக ஜம்ஜம் நீரை அதில் ஊற்றியவர்களும் உண்டு. ஜம்ஜமைக் குடியுங்கள், நோயாளிக்குக் கொடுங்கள், தொட்டியில் வேண்டாம். அதிலும் தாது உப்புகள் இருக்கின்றன. அத்தர், விக்ஸ், யூக்கலிப்டஸ் தைலம் எதையும் கலக்கக் கூடாது, அது நேராக நுரையீரலுக்குப் போகும். சாம்பிராணி போடும் நேரத்தில் கருவியை மூடி வையுங்கள், இல்லையென்றால் வடிகட்டி கறுத்துவிடும். முகமூடியைத் தினமும் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பதும், தொட்டியைத் தினமும் கொட்டிக் கவிழ்ப்பதும், குழாயை வாரம் ஒருமுறை கழுவுவதும் பழக்கமாகிவிட வேண்டும்.

முகமூடியில் சிறு சிறு ஓட்டைகள் இருக்கும். வெளிவிடும் கெட்ட காற்று போக வைத்த வழி அது. காற்று வீணாகிறது என்று பிளாஸ்திரி போட்டு அடைத்துவிடாதீர்கள். இரவில் கரண்ட் போனால் முகமூடியைக் கழற்றிவிட வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால், தண்ணீர் சூடாக்கும் வசதியை நிறுத்திவிட்டால் பேட்டரி நெடுநேரம் தாங்கும்.

ரமலானில் தூக்கம் துண்டு துண்டாகப் போகிறது. தராவீஹ் முடிந்து கொஞ்சம், ஸஹருக்குப் பின் சுபுஹு தொழுதுவிட்டுக் கொஞ்சம், மதியம் கொஞ்சம். மூச்சுத் தடைக்கு இரவு பகல் தெரியாது. படுக்கும் ஒவ்வொரு தடவையும் கருவி வேண்டும், அரை மணித் தூக்கமானாலும். நோன்பு நேரத்தில் போடலாமா என்று கேட்கிறார்கள். உள்ளே போவது நாம் எப்போதும் சுவாசிக்கும் காற்று. தொட்டியின் ஈரப்பதம் பற்றி மனம் உறுத்தினால் பகலில் தொட்டியைக் காலியாக வைத்துக்கொள்ளலாம், கருவி அப்போதும் வேலை செய்யும். மஸ்அலாவை நம் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளியுங்கள். நீங்களாகவே முடிவு கட்டி ஒரு மாதம் கருவியை மூடி வைக்காதீர்கள். ஹஜ், உம்ரா போகிறவர்கள் கருவியைப் பெரிய லக்கேஜில் போடாமல் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் கடிதம் ஒன்றும், அங்குள்ள பிளக்குக்கு ஏற்ற அடாப்டரும், நீளமான ஒயரும் அவசியம். மினா கூடாரத்தில் பிளக் பாயிண்ட் நம் தலைமாட்டில் இருக்காது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் கூடுகிறது. ஆண் குறட்டை விட்டால் சிரிக்கிறோம், பெண் குறட்டை விட்டால் வெட்கக்கேடு என்கிறோம். அதனால் மாமியார் மருமகளிடமும் மருமகள் மாமியாரிடமும் சொல்வதில்லை. அவர்கள் டாக்டரிடம் போனாலும் அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்கிறார்கள். சத்து மாத்திரையும் சில சமயம் தூக்க மாத்திரையும் வாங்கி வருகிறார்கள். தூக்க மாத்திரைகளில் சில தொண்டையை இன்னும் தளர்த்தி நோயைக் கூட்டிவிடும். வீட்டு ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குழந்தைகள் கதை வேறு. மதரஸாவில் வாயைப் பிளந்துகொண்டே ஓதும் பிள்ளை, இரவில் குறட்டை விடும் பிள்ளை, பாடத்தில் கவனம் நிற்காத பிள்ளை என்றால் முதலில் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் பெரிதாகியிருக்கிறதா என்று காட்டுங்கள். அவர்களில் பலருக்குச் சிறு ஆபரேஷனே தீர்வு, கருவி தேவைப்படாது. உஸ்தாதுமார்கள் அடிக்கும் முன் இதையும் யோசித்தால் நல்லது.

வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் "எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது" என்று சொல்லியே ஆக வேண்டும். கருவியையும் கூடவே எடுத்துப் போங்கள்.

கருவியால் எல்லாம் ஆகுமா?

பகல் தூக்கம், குறட்டை, காலைத் தலைவலி, மனச்சோர்வு ஆகியவற்றில் பலன் தெளிவாகத் தெரியும். பிரஷரும் கொஞ்சம் இறங்கும். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுத்துவிடுமா? இந்தியா உள்பட ஏழு நாடுகளில், ஏற்கனவே இதய நோயோ மூளை இரத்தக் குழாய் நோயோ இருந்த 2,717 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் போட்டவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே போட்டிருந்தார்கள். பாதித் தூக்கத்துக்குக்கூட வராத கணக்கு அது. ஆகவே இதைப் போட்டால் ஹார்ட் அட்டாக் வராது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம், அரை இரவில் கழற்றி எறிந்துவிட்டுப் பலனில்லை என்றும் சொல்ல வேண்டாம். கருவி எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கசிந்தது, மூச்சு எத்தனை தடவை நின்றது என்பதெல்லாம் அதன் உள்ளே பதிவாகிறது. மறுபடி டாக்டரிடம் போகும்போது அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். இரவில் திடீரென்று மாட்டாமல், அஸருக்குப் பிறகு விழித்துக்கொண்டே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பழகலாம். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. உடல் எடையைக் குறைத்தால் அழுத்தமும் குறையும், சிலருக்குக் கருவியே தேவைப்படாமல் போகலாம். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு நன்றாக உதவுகிறது. வலப்பக்கம் சாய்ந்து படுக்கும் சுன்னத்தைப் பேணுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் கடுமையான நோய் உள்ளவர் படுக்கும் முறையை மட்டும் மாற்றிக்கொண்டு கருவியை விட்டுவிடக் கூடாது.

டிரஸ்டின் ஏற்பாடு

அலுவலகத்தில் இப்போது ஒரு கருவிதான் இருக்கிறது. மாடலும் எண்ணும் சரிபார்த்து, வடிகட்டி மாற்றி, ஓட்டிப் பார்த்த பிறகே இரவலுக்கு வரும், இன்ஷா அல்லாஹ். கேட்பவர் தூக்கச் சோதனை அறிக்கையும், எவ்வளவு அழுத்தம் என்று டாக்டர் எழுதிய சீட்டும் கொண்டுவர வேண்டும். அழுத்தத்தைத் தெரிந்த டெக்னீஷியன்தான் மாற்றி வைப்பார், நாங்கள் கைவைக்க மாட்டோம். முகமூடியும் குழாயும் புதிதாக இருக்க வேண்டும். அதை வாங்க முடியாதவர்களுக்கு மருத்துவ உதவி நிதியிலிருந்து கொடுப்போம். இரவல் மூன்று மாதம். கருவி தனக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும், சொந்தமாக வாங்கப் பணம் சேர்க்கவும்தான் இந்த அவகாசம். அதற்குள் வாங்க முடியாத குடும்பங்களின் மனுவை மாதக் கூட்டத்தில் வைப்போம். ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களா என்று பார்த்து முடிவெடுப்போம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால், வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு முன்னுரிமை.